கரையில் எழுந்து நின்றவர்கள்

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. எதிரெதிராக ஷீட் போட்ட வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். மழைக்காலத்தில் டேங்க் நிரம்பி நாற்றம் எடுத்ததும் ஓனர் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நான் பிளாஸ்டிக் குடம், மக்கு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விட்டால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். லைனில் இருந்த மற்ற ஆண்களும் அப்படித்தான்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே கணக்கு வாத்தியார் போர்டுக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான். ஸ்டவ்வை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கூட வேலை பார்த்த ஒருவர் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து எனக்கும் தினம் நெஞ்சு வலித்தது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நெஞ்சுல ஒண்ணும் இல்லப்பா. நெனப்புலதான் வலி. காலையில எழுந்து ஓடு, சரியாப் போயிடும்."

ஓசூர் ரோட்டு ஓரமாக ஓட ஆரம்பித்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு. டீக்கடையில் நிற்கிறவர்கள், "யோவ், யாருய்யா தொரத்துறது, போலீசா பொண்டாட்டியா?" என்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் லாரி ஒன்று தோளை உரசுகிற மாதிரி போனது. மறுநாள் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை. கம்பெனியில் ஒருவர், "ஏரிக்கரை மேல ஓடேன்யா. லாரி கெடையாது, நல்ல காத்து" என்றார். பகலில் அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவர் அவர்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கிளம்பினேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஓடிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

கரை மேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை மூடின தண்ணீர், மறுபக்கம் ஆமணக்குப் புதர். செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் புதர் ஓரத்தில் வரிசையாக உருவங்கள் எழுந்து நின்றன. எல்லாம் பெண்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்கள். ஏதோ பூஜைக்கு வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். திருடன் என்று என்னை நினைத்துவிடுவார்களோ என்று பயந்து இன்னும் வேகமாக ஓடினேன். கரை முடிகிற இடத்தில் வேலி. திரும்பி வந்தேன். உட்கார்ந்துவிட்டிருந்தவர்கள் மறுபடியும் எழுந்தார்கள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு சுற்று ஓடலாம் என்று திரும்பினேன்.

"எத்தன தடவதான்யா எழுந்து நிக்கிறது?" ஒரு குரல் கத்தியது. "ஓடறதுக்கு ஊர்ல வேற எடமே இல்லியா ஒனக்கு?"

அது எங்கள் பக்கத்து வீட்டுக்கார அம்மாவின் குரல். அவர் பக்கத்தில் நின்ற பெண் முகத்தை மூடியிருந்தாள். ஆனால் கையில் இருந்த மஞ்சள் மக்கின் வாய் கோணியிருந்தது. கழித்துப் போட்ட சரக்கு என்று கம்பெனியிலிருந்து நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் அவள் டீ வைத்தாள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டிலிருந்தபடி ஊதுபத்தி உருட்டுகிறவள். அவளுக்கு எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட்? அணைத்த ஸ்டவ்வுக்காகக் கவலைப்பட்டுத் திரும்பி வருகிற எனக்கு இவள் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

"வெளிச்சம் வந்துட்டா அவ்ளோதாங்க, அப்புறம் ராத்திரி வரைக்கும் அடக்கிக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். காலையில் கத்தினதற்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "அண்ணா, ஓடறத விட்றாதீங்க. கரை ஆரம்பிக்கிற எடத்துலயே அங்கயும் இங்கயுமா ஓடிட்டு இருங்க. ஆம்பளைங்க யாராவது வந்தா திருப்பி அனுப்பிடுங்க. புண்ணியமாப் போவும்" என்றார்.

அப்படித்தான் கொஞ்ச நாள் கரையின் முனையில் காவல் ஓட்டம் ஓடினேன். யாராவது வந்தால், "அந்தப் பக்கம் போவாதீங்க, வெறிநாய் இருக்கு" என்பேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வேலை முடிந்து பெண்கள் கும்பலாக என்னைத் தாண்டிப் போவார்கள். என் மனைவி மட்டும் என்னைத் தெரியாதவள் மாதிரி தலை குனிந்து போவாள். எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது, ஏதோ உதவி செய்கிறோம் என்று.

ஒரு நாள் வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள். "நாய் இருக்குன்னு ஊரையே ஏமாத்தறீங்க. ஓனர்கிட்ட போய்ப் பூட்டத் தெறங்கன்னு சொல்ல மட்டும் பயமா?"

பயம்தான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? மறுநாள் ஓடப் போகாமல் நேராக ஓனர் வீட்டுக்குப் போனேன். அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, பெளிகே பெளிகே?" என்றார் கன்னடத்தில். என்ன விடிஞ்சதும் விடியாததுமா என்று.

"கக்கூஸ் பூட்டு, சார். தெறந்து விடணும். டேங்க்கு கிளீன் பண்ணணும்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அவருக்குத் தமிழும் நன்றாக வரும். "பூட்டு போடறப்ப உங்க எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டேனே. நாங்க கம்பெனியிலயே முடிச்சுக்கறோம், பரவால்லன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

உண்மைதான். அன்றைக்கு ஆண்கள்தான் போய் நின்றோம். சொன்னது வேறு ஒருவர். அவர் பின்னால் நின்று தலையாட்டினவர்களில் நானும் ஒருவன். அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"பொம்பளைங்களுக்குக் கம்பெனி இல்ல, சார்" என்றேன்.

அவர் குழாயை மூடினார். அந்த வாரமே டேங்க்கை உறிஞ்சி எடுக்கிற லாரி வந்தது.

பூட்டுத் திறந்த மறுநாள் காலையில் லைன் நடுவே கக்கூஸுக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா, "என்னண்ணா, இன்னிக்கு ஓட்டம் இல்லியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை.

"இங்க என்ன பார்வை? உள்ள போங்க" என்றாள்.

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.