பர்மா மழையும் அப்பாவின் உளுந்தும்

எங்கள் அன்பு அப்பா அவர்கள் நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து, பதினாறு வயதில் தாராவிக்கு வந்து, கடைசி வரை அரிசி, உளுந்து வியாபாரத்திலேயே வாழ்ந்தார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும், இட்லி அவித்து மும்பை முழுக்கச் சுமந்து விற்கும் நம் ஊர்க்காரர்கள்தாம்.

புது மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை உளுந்தை அள்ளி முகர்ந்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்நேரம் அப்பா தாராவியில் இல்லை. அந்த உளுந்து விளைந்த பர்மாவில், தாம் ஒருநாளும் பார்த்திராத வயல்களில் நடந்துகொண்டிருப்பார்கள். கனவிலும் அங்கேதான். காலையில் காபி குடித்தபடி அதைச் சொல்வார்கள். “ரங்கூன் போயிட்டு வந்தாச்சா? எனக்கு என்ன வாங்கிட்டு வந்திய?” என்று அம்மா கேட்பார்கள்.

ஒரு வருடம் உளுந்து விலை ஏறத் தொடங்கியது. அப்பா கனவில் பர்மாவில் நல்ல மழை. அதே வாரம் செய்தியிலும் மழை. கேட்கவா வேண்டும்! “வெல இறங்கும், இப்ப யாரும் வாங்காதிய” என்று இட்லிக்காரர்கள் எல்லோரையும் நிறுத்திவைத்தார்கள். மழை பெய்தது மெய்தான். ஆனால் அறுத்துக் காயப்போட்டிருந்த உளுந்தின்மேல் பெய்திருந்தது. வரத்து குறைந்து விலை எங்கோ போய்விட்டது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. குடோனில் இருந்ததையெல்லாம், தம் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்குப் பழைய விலையிலேயே கொடுத்துத் தீர்த்தார்கள். அதன்பின் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. தம் சொல்லை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்ற வேதனை அவர்களைவிட்டுப் போகவேயில்லை.

கடைசியாக அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அன்று காத்திருந்தவர்களில் ஒருவரான பேச்சியம்மாள் அக்கா, இட்லி விற்ற கையோடு ஒரு மதியம் வந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

“அண்ணாச்சி, உளுந்து மறுபடி ஏறுது. மூட்டையா வாங்கிப் போடட்டா, பொறுக்கட்டா?”

அப்பா கண்களை மூடினார்கள். எங்கே போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

“பொறு தாயி. களத்துல நல்ல வெயிலு.”

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியைக் கண்டேன். மூன்றாம் நாள் அமைதியாக எங்களைப் பிரிந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மும்பையின் இன்னொரு கோடியான முலுண்டில் இருக்கும் சித்தப்பாவுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு பொங்கித் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பேச்சியம்மாள் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? விலை இன்றும் இறங்கவில்லை. அவர் இன்னும் அன்றாடத் தேவைக்கு மட்டுமே வாங்குகிறார். கேட்டால், “அண்ணாச்சி பொறுக்கச் சொல்லிருக்காவல்லா” என்கிறார்.

அக்கா, அப்பா மனம் குளிர்ந்துதான் போனார்கள். போதும், மூட்டையை வாங்கிவிடுங்கள்.