பாரிஸிலிருந்து சூரிச், ஒன்றேகால் மணித்தியாலம்

சூரிச்சில் அண்ணாவின் ஈரல் புற்றுநோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்று சொல்லி, அவரைக் கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். கலியாணம் கட்டாத மனுசன். உணவகக் குசினியில் கோப்பை கழுவியே என்னையும் தம்பியையும் கரைசேர்த்தவர். அவர் கண் மூடுமுன் எங்களில் ஒருவராவது பக்கத்தில் இருந்துவிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு தவிப்புத்தான்.

என்னால் போக முடியாது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின், ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் நான். இந்த ஊருக்குள்ளேயே, மவுண்ட் ரோஸ்கிலிலிருந்து மனுரேவாவுக்கு ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போவதென்றாலே மகள் ஆயிரம் கேள்வி கேட்பாள். ஒக்லாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்க எந்த டொக்டர் விடுவார்?

தம்பி பாரிஸில் இருந்தான். தூரத்தை போனில் தட்டிப் பார்த்தேன். ஐந்நூறு கிலோமீற்றர்கூட இல்லை, இங்கிருந்து வெலிங்டன் போகிற தூரம். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். மழை நாளில் இங்கே மோட்டர்வேயில் அவ்வளவு நேரம் சும்மா நிற்கிறோம்.

வருகிற சனிக்கிழமை போகிறேன் என்றான். அந்தச் சனி வேலையிடத்தில் ஆள் இல்லையாம், லீவு கிடைக்கவில்லை. அடுத்த சனி பிள்ளைக்குக் காய்ச்சல். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே சொல்லைத்தான் சொன்னான்: பக்கத்தில்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பக்கத்தில இருக்கிறதாலதானேடா நீ போகாம இருக்கிறாய்” என்று கத்தினேன்.

அவன் போனை வைத்துவிட்டான். பிறகு வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டு, அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். அண்ணா புதன்கிழமை போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாதி இருந்தாராம். யாரோ பெற்ற பிள்ளை, நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் அண்ணாவின் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழவில்லை.

செத்த வீட்டை நானும் மகளும் போனில் நேரலையாகப் பார்த்தோம். பெட்டியருகே தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாம் முடிந்ததும் அவன் எனக்குப் போன் எடுத்தான். வாய்க்கு வந்தபடி ஏசத் தயாராகத்தான் இருந்தேன்.

“பிளேனில தந்த கோப்பியக் குடிச்சு முடிக்கேல்ல அக்கா, அதுக்குள்ள இறக்கிப்போட்டாங்கள்” என்றான்.

சொல்லிவிட்டு அழத் தொடங்கினான். அவன் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணையை நான் கடைசியா உயிரோட எங்க கண்டனான் தெரியுமே?” என்று கேட்டான். “ஒக்லாந்திலதான் அக்கா. உங்கட மகளின்ர கலியாணத்தில.”

அந்த மகளின் மூத்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.