நெவியாவின் பேஸ் கிட்டார் சட்டம்

ரியேகா நகரில் பல்வலி வந்தால் இரண்டு மருந்து கிடைக்கும். ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். இன்னொன்றை பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் இருக்கும் நெவியா வாயாலேயே சொல்லிவிடுவாள்: ஏதாவது ஒரு பங்க் ராக் இசைக்குழுவைப் பற்றிய ஆவணப்படம்.

ஆள் பார்த்துத்தான் சொல்வாள். விவாகரத்து ஆனவருக்கு, அடித்துக்கொண்டு பிரிந்த குழுவின் கதை. வேலை போனவருக்கு, ஒரு இசைத்தட்டுகூட விற்காத குழுவின் கதை. கன்னம் வீங்கியவர்கள் எதிர்த்துப் பேச முடியாது என்பது அவளுக்கு வசதி. ஆனால் பல் சரியான பிறகும், "அடுத்தது என்னக்கா பாக்கலாம்?" என்று வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட படங்கள் ஊரில் ஓடுவதும் படுப்பதும் அவள் வாயில்தான் இருந்தது.

அவளுக்கு ஒரே சட்டம். பேஸ் கிட்டார் வாசித்தவரைப் பேச விடாத படம், படமே இல்லை. பாடகன் பேசித் தீர்ப்பான், டிரம்மர் அழுவான், பேஸ் வாசித்த ஜீவன் மட்டும் மூலையில் நிற்கும். இளவயதில் அந்த ஜீவன் இவளேதான்.

இப்போது அவளுடைய பழைய குழுவைப் பற்றியே கொரினா என்ற பெண் ஒரு படம் எடுத்துவிட்டாள். பாடகன் துல்லியோவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. முதல் காட்சிக்கு முந்தின நாள் காபிக் கடையில் நெவியாவிடம் கெஞ்சினான்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. கூட்டம் வரலேன்னா ஒரே வாரத்துல படத்தத் தூக்கிடுவாங்க."

"பாத்துட்டுத்தான் சொல்வேன். உன் மூஞ்சிக்காகப் பொய் சொல்ல முடியாது."

"அப்பவே உனக்கு அந்தக் குழு பிடிக்கல."

"ரெக்கார்டிங்ல என் பேஸக் குறைச்சது யாருடா?"

துல்லியோ அவள் காபிக்கும் சேர்த்துக் காசு வைத்தான்.

படம் ஓடியது. துல்லியோ பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். திரையில் நெவியாவைக் காணோம். தப்பு அவள் மேல்தான். பேட்டி எடுத்தபோது கேமரா முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அடுத்தவர்களுடைய குழுக்களைப் பற்றிய படங்களையே சிபாரிசு செய்திருந்தாள். கொரினா எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள்.

கடைசியில், சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றியபடி நெவியா திரையில் வந்தாள். "கேமராவ அணைச்சுட்டியா? துல்லியோகிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிடும். அந்த மூணு வருஷம் இருந்த சந்தோஷம் அப்புறம் எனக்கு வரவே இல்ல."

அரங்கம் கைதட்டியது. "அணைச்சுட்டேன்னு சொன்னியேடி!" என்று நெவியா கொரினா மேல் பாய்ந்தாள். துல்லியோ மூக்கைச் சிந்தினான். அவனும் நெவியாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் பல் மருத்துவமனையில் துல்லியோ கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர், நம்ம ஊர்ப் படம் எப்படி என்று நெவியாவிடம் கேட்டார்.

"சட்டப்படி ஃபெயில். பேஸ் வாசிச்சவளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. பாடுறவன் வாயை மூடவே மாட்டான்."

துல்லியோவின் தலை தொங்கியது.

"ஆனா அவசியம் பாருங்க. பாதியில எழுந்துடாதீங்க. கடைசியில அவ சொல்றது சத்தியம்."

துல்லியோ கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்னடா," என்றாள் நெவியா, "எந்தப் பல்லு வலிக்குதுன்னு வந்த?"