பெரிய பூட்டுப் போட்ட அறை

பெரிய பூட்டுப் போட்டால் கம்பியூட்டருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிய புத்திசாலி நான்தான். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்த முதல் கம்பியூட்டர் அது. அதற்குப் பொறுப்பாசிரியர் நான்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் பூட்டு உடைந்திருந்தது; மேசை காலி. வேலை போய்விடும் என்ற பயத்தில், பொலிசுக்குப் போகாமல் தேங்காயும் கையுமாக மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன்.

“தாயே, கம்பியூட்டரைக் காட்டு! இருக்கிற நாலு முடியையும் மொட்டை போட்டுத் தர்றேன்!”

தேங்காயை ஓங்கியபோது பூசாரி கையைப் பிடித்தார்.

“சார், அங்கிட்டுப் போயி ஒடைங்க. கம்பியூட்டர் மேல தண்ணி தெறிக்குமுல்ல!”

அம்மனுக்குப் பக்கத்தில், சிவப்புச் சேலை போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது.

அறையில் ஒருதரம் அண்ணாந்து பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். இரவுக் காற்றில் கூரைத் தகரம் பறந்துவிட, பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் என் பூட்டை உடைத்து, கம்பியூட்டரைத் தூக்கிவந்து ஒழுகாத இடத்தில் வைத்திருந்தார்கள்.