ஒரு காரணம் போதும்

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு முந்தைய வாரம், பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் காரில் செல்கையில், மாதிரி வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள்: "காலனில குடியேறினவங்க பிரிட்டிஷ்காரங்களோட ஏன் சண்டை போட்டாங்க?"

நான் முன்னுரையிலிருந்து தொடங்கினேன். வரிச்சுமை, வீடுகளில் தங்கவைக்கப்பட்ட படைவீரர்கள், தன்னாட்சி மறுப்பு என ஒவ்வொன்றாக விளக்கி முடிவுரையை எட்டுமுன் கோயில் கோபுரம் தெரிந்துவிட்டது.

"இது டென்த் பப்ளிக் எக்ஸாம் இல்லைங்க. ஒரு காரணம் சொன்னா போதும். நீங்க இப்படிப் பேசினா ஆபீஸர் தூங்கிடுவார், சிட்டிசன்ஷிப்பும் போயிடும்."

பின்னிருக்கையில் இருந்த மகள், "ஜஸ்ட் சே டாக்ஸஸ், அப்பா" என்றாள்.

நேர்காணலில் அதே வினா வந்தது. வரி என்ற சொல் நாவின் நுனியில் நின்றது. ஆனால் இந்நாட்டில் இத்தனை ஆண்டுகள் வரி செலுத்தியதில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக்குழுவுக்கான தேர்தலன்று அண்டை வீட்டார் வாக்களித்துத் திரும்புவதைச் சன்னல் வழியே பார்த்திருந்ததுதான் குறை. காலனியில் குடியேறியவர்களுக்குத் தன்னாட்சி இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அதிகாரி தலையசைத்து அடுத்த வினாவுக்குச் சென்றார். இறுதியில், தேறிவிட்டதாகச் சொல்லிக் கைகுலுக்கினார்.

வாசலில் காத்திருந்த மனைவி, "எத்தனை பாயிண்ட் சொன்னீங்க?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு."

"நிஜமாவா? நீங்களா?"

அந்த நவம்பரில் அண்டை வீட்டாருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். பள்ளிக்குழு வேட்பாளர்கள் அனைவரைப் பற்றியும் குறிப்பெழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்; முன்னுரையோடுதான்.