பேரீச்சை மரத்து மாப்பிள்ளை

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போகவில்லை, லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது மாடி மேடம் கையில் போனோடு உள்ளே இருந்தார்.

அவர் பையன் ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்டாகப் போயிருக்கிறான். அங்கே முதல் ஸ்னோ விழுந்திருக்கிறது. பையன் கையை விரித்துக்கொண்டு சுற்றுகிறான், வாயைத் திறந்து பிடிக்கிறான், வழுக்கி விழுகிறான், எழுந்து மறுபடி சுற்றுகிறான்... வீடியோ முடிகிற வரை லிஃப்ட் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஏறிய பேப்பர்காரரும் இறங்காமல் பார்த்தார்.

"நீங்ககூட அந்தக் காலத்துல இத்தாலியில படிச்சீங்களாமே, ஸ்னோ பார்த்திருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார்.

பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு காலைப்பொழுது. அதையும் நிம்மதியாகப் பார்க்க விடவில்லை. குறுக்கே ஒரு கல்யாணம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. ஆர்க்கிடெக்சர் படித்துக்கொண்டிருந்த என்னை ஒரு வருஷப் பரிமாற்றத்தில் இத்தாலியின் தெற்குக் கோடியில், சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு அனுப்பினார்கள். இத்தாலி என்றதும் அம்மா இரண்டு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், ஒரு மங்கி கேப் எல்லாம் வைத்துக் கட்டினாள். போய் இறங்கினால் — பளீரென்று வெயில், எலுமிச்சை, பேரீச்சை மரம். திருச்சிக்குக் கடல் வைத்த மாதிரி இருந்தது. முதல் மாதம் எனக்கு வேர்க்குரு வந்தது என்று சொன்னால் அம்மா நம்பவே இல்லை.

நம் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் பனி. பனி இல்லையென்றால் அது என்ன வெளிநாடு? இந்த எண்ணம் எனக்கு மட்டும்தான் தொல்லை கொடுத்தது என்று நினைத்திருந்தேன். நேசன் அண்ணையைப் பார்க்கிற வரை.

அல்பெர்கேரியா என்ற பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், கமலா அக்கா வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தேன். அக்கா யாழ்ப்பாணம். இரண்டு சிஞ்ஞோராக்கள் — அந்த ஊர் அம்மாக்கள் — வீட்டில் வேலை பார்த்தார். அவருடைய தம்பி நேசன் அண்ணையும் அதே வீட்டில்தான். அவர் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். முப்பத்தைந்து தாண்டிவிட்டது, நல்ல மனுஷன், பேச்சு குறைவு. கொழும்பில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் வதனி. போட்டோவில் அவள் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோவை அண்ணை பர்ஸில் வைத்துக்கொண்டு, பஸ் டிக்கெட் எடுக்கிற சாக்கில் அடிக்கடி பார்ப்பார். பஸ் கண்டக்டர்கூட இல்லாத ஊரில் என்ன டிக்கெட்?

பதிலுக்கு அண்ணையின் போட்டோக்கள் போயின. எடுத்தது நான்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். அரபு நாட்டுக் கொத்தனார் பாணியில் கட்டியது, தலையில் சிவப்புச் சிவப்பாக உருண்டைக் குவிமாடங்கள், முன்னால் பேரீச்சை மரம். அண்ணைக்கு அந்த இடம் பிடிக்கும். கோட் சூட்டில் போய் நின்றார். நல்ல வெயில், நல்ல படம். உச்சியில் இருந்த சிலுவை மட்டும் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது.

கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். போன் வந்தது.

பேசியது பெண்ணின் தாய்மாமன். மனுஷர் பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். "மாப்பிள்ளை இத்தாலியிலை நிக்கேல்லை. உது சவூதி. எனக்குத் தெரியாதோ பேரீச்சை மரம்?" என்றாராம்.

அக்கா அழாத குறை. பெர்மெஸ்ஸோவின் — அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டின் — நகலை அனுப்பினார். கொழும்பில் இப்படிப் போலிப் போட்டோகாப்பி எத்தனை வேண்டும், தான் எடுத்துத் தரவா என்று மாமன் திருப்பிக் கேட்டார். சரி, வேறு போட்டோ. கடற்கரையில் எடுத்தோம். செங்கடல் என்றார். சந்தையில் எடுத்தோம். பின்னால் ஆலிவ் மூட்டை, மசாலா மூட்டை, மீசைக்காரர்கள்... கேட்கவே வேண்டாம்.

கடைசியில் மாமன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஐரோப்பா என்றால் ஸ்னோ இருக்கும். ஸ்னோவில் நின்று ஒரு படம் அனுப்பட்டும். இல்லாவிட்டால், டொரொன்டோவில் முழங்கால் அளவு ஸ்னோவில் நின்றுகொண்டு இன்னொரு மாப்பிள்ளை காத்திருக்கிறார், தை போனால் அந்தப் பக்கம் பேசி முடித்துவிடுவோம் என்று.

மலைக்குப் போனால் ஸ்னோ கிடைக்கும். போனோமே. அண்ணைக்கு வளைந்து வளைந்து போகிற ரோடு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி மலையில் இறங்கி, ஓரமாக உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அன்றைக்கு எடுத்த படத்தில் இரண்டு ஆடு விழுந்திருந்தன. ஆடு எந்த நாட்டில்தான் இல்லை?

தை முடியப் போகிறது. ஒரு திங்கட்கிழமை காலை சந்தில் ஒரே சத்தம். ஜன்னலைத் திறந்தேன்.

ஸ்னோ.

பலேர்மோவில். எதிர்வீட்டு பால்கனி, கீழே நின்ற ஸ்கூட்டர், காயப்போட்டிருந்த யாரோ ஒருவருடைய பனியன்... எல்லாவற்றின் மேலும் வெள்ளை. நான் செருப்புகூடப் போடாமல் பால்கனிக்கு ஓடினேன். கையில் பிடித்தேன், நக்கினேன், கன்னத்தில் தேய்த்துக்கொண்டேன். என்னவோ நானே தயாரித்த மாதிரி ஒரு பெருமை. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருஷத்தில் வேறு எப்போதும் இருந்ததில்லை. கேமராவை எடுத்து பால்கனி, ஸ்கூட்டர், பனியன் என்று தட்டித் தள்ளினேன்.

ஊரே பைத்தியம் பிடித்து நின்றது. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. எதிர்வீட்டு சிஞ்ஞோரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டே சிரித்தார். அண்ணையின் சிஞ்ஞோரா போன் செய்து, இந்தப் பேரழிவில் வெளியே வரவேண்டாம், மகன் வந்து பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்.

பேரழிவு. சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது.

அண்ணை என் அறை வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, கமராவிலை படம் மிச்சம் இருக்கோ?"

பார்த்தேன். ஒன்று மிச்சம். சந்தில் கேமரா வைத்திருந்த இன்னொரு ஆள், தன் கார் மேலிருந்த ஸ்னோவை எடுத்தே முழு ரோலையும் முடித்திருந்தார்.

ஒன்று போதும், வாங்க என்றேன். அண்ணை கோட்டை எடுத்தார். அப்போதுதான் கமலா அக்கா சமையலறைக் காலண்டர் முன்னாலிருந்து திரும்பினார்.

"இண்டைக்குத் திங்கள். ஒன்பது மணி வரைக்கும் ராகு காலம்."

மணி ஏழே முக்கால். நான் அக்காவிடம் கெஞ்சினேன். ஒன்பது மணிக்கு ஸ்னோ இருக்காது என்றேன். ராகு காலத்தில் எடுத்த படத்தில் ஸ்னோ இருந்தால் என்ன, ஆனையே இருந்தால் என்ன, கல்யாணம் நிலைக்க வேண்டாமா என்றார் அக்கா. அண்ணை ஒரு பாயிண்ட் எடுத்தார்: இலங்கையில் இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது, அங்கே ராகு காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள்.

நல்ல வாதம்தானே? அக்கா அசையவில்லை. "நீ எங்கை நிக்கிறியோ, அங்கத்தை நேரம்தான் உனக்கு."

யோசித்துப் பாருங்கள். மனுஷன் எங்கே நிற்கிறான் என்பதே உலகத்துக்குச் சந்தேகம். ராகு மட்டும் அட்ரஸ் மாறாமல் இத்தாலிக்கே வந்துவிட்டார்.

எட்டு மணிக்கு மேகம் விலகியது. பலேர்மோ சூரியனுக்கு இரக்கம் கிடையாது. ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. நான் கீழே ஓடி, சுவரோரம் கொஞ்சம் நல்ல ஸ்னோவாகப் பார்த்து நிழலுக்குத் தள்ளினேன். அக்காவின் சோற்றுப் பானை, துணி அலசுகிற வாளி, எல்லாவற்றிலும் அள்ளினேன். எதிர்வீட்டு சிஞ்ஞோரா என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் இத்தாலியன் அன்றைக்கு ராகு காலம், தாய்மாமன் என்கிற அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. "கல்யாணம்" என்றேன். மாடியில் கோட் சூட்டோடு நின்ற அண்ணையைக் காட்டினேன். "ஸ்னோ இல்லையென்றால் கல்யாணம் இல்லை."

சிசிலிக்காரர்களிடம் கல்யாணம் என்று சொல்லக்கூடாது. சிஞ்ஞோரா உள்ளே போய்க் குடை எடுத்து வந்தார். விரித்தார். ஸ்னோவுக்கு மேலே பிடித்தார்.

அவரைப் பார்த்து இன்னொருத்தர். அப்புறம் இன்னொருத்தர். எட்டரைக்கு எங்கள் சந்தில் ஏழெட்டுப் பேர் நல்ல வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒரு சாவு வீட்டு அமைதியோடு நின்றார்கள். குடைக்குள் ஆள் இல்லை. தரைதான் இருந்தது. மாடியில் அண்ணை சுவர்க் கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்தது. பாவமாக இருந்தது. டொரொன்டோக்காரன் முழங்கால் அளவில் நிற்கிறான், இவருக்கு ஒரு கால் வைக்கிற இடம்கூட மிஞ்சாதே.

ஒன்பதுக்கு அண்ணை வெளியே வந்தபோது ஸ்னோ ஒரு ஊத்தப்பம் அளவுக்கு இருந்தது. பானையில் இருந்ததைக் கொட்டினோம். அது ஏற்கனவே தண்ணீர்.

கூட்டத்தில் நின்ற மீன்காரர் டோட்டோ தலையில் அடித்துக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடினார். திங்கட்கிழமை மீன் வரத்து குறைவு. அவரிடம் மீனைவிட ஐஸ் அதிகம். தள்ளுவண்டியோடு வந்து, நொறுக்கிய ஐஸை மூன்று பெட்டி கவிழ்த்தார். மிச்சமிருந்த ஸ்னோவை மேலே தூவினோம். அண்ணை அதன் நடுவில் ஏறி நின்று, டையைச் சரிசெய்துகொண்டார். நான் கிளிக் செய்கிற நொடியில் டோட்டோ தாவி வந்து, மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

ஒரே படம். அதுவும் முடிந்தது.

கழுவிப் பார்த்தோம். வெள்ளைத் தரை, கோட் சூட், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தோளில் கையைப் போட்டபடி, ரப்பர் ஏப்ரனோடு ஒரு மீசைக்காரர். சுற்றிலும் வெயிலில் குடை பிடித்த ஏழெட்டுப் பேர். அண்ணையின் இரண்டு ஷூவுக்கும் நடுவில் — தெளிவாக, பளபளவென்று — ஒரு மத்தி மீன்.

வேறு வழி? அனுப்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நடத்திய டெலிபோன் கடைக்கு மூன்று பேரும் போனோம். அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பூத். ஒரு ரிசீவரில் மூன்று காது. மாமனுக்கு ரிசீவரே தேவையில்லை, அப்படி ஒரு குரல். இது ஸ்னோ இல்லை, மீன் ஐஸ், ஆளைப் பேய்க்காட்டி ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்து, அந்த மத்தி மீனைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார். அக்கா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த மனுஷரோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது.

திடீரென்று குரல் மாறியது. பெண் குரல். அதுவரைக்கும் வதனி அண்ணையோடு பேசியதே இல்லை.

"வெயிலுக்கை குடை பிடிச்சுக்கொண்டு நிக்கினமே, அவையள் ஆர்?"

"அயலட்டை ஆக்கள்," என்றார் அண்ணை.

"என்னத்துக்குக் குடை?"

அண்ணை சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஸ்னோ விழுந்தது, ராகு காலம் வந்தது, அக்கா விடாதது, ஸ்னோ கரையாமல் சனங்கள் குடை பிடித்தது, அப்படியும் கரைந்தது, மீன்காரர் ஐஸ் கொட்டியது, அந்த மத்தியைத் தான் கவனிக்காதது... ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வந்த சிரிப்பு.

"மாமா," என்று அங்கே திரும்பிச் சொல்வது கேட்டது, "இப்பிடி ஒரு பொய்யை ஒருத்தராலையும் யோசிச்சுச் சொல்லேலாது." பிறகு போனுக்குள் ஏதோ சொன்னாள். அது அண்ணையின் காதுக்கு மட்டும்.

அண்ணை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஓமாம்... சம்மதமாம்," என்றார்.

குறையே இல்லாத போட்டோவைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.