எனக்குப் பிறகு

விருத்தாசலம் ஜங்ஷனில் மெட்ராஸ் ரயிலுக்காகக் காத்திருந்தபோது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பீங்கான் ஆலையில் விரிசல் பார்க்கும் வேலையாம். புருவமெல்லாம் வெள்ளை மண். டீ வந்ததும் கோப்பையை நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

என் மடியில் எட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இதயத்தையே மாற்றிவிட்டார்கள், இப்படியே போனால் மனிதனுக்குச் சாவே இருக்காது என்று பத்திரிகையில் படித்ததை அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஐயய்யோ, அப்ப எங்க மேஸ்திரியும் சாவ மாட்டாரா?" என்று சிரித்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "பாப்பா எவ்ளோ காலம் இருக்கணும்னு கேக்கறீங்க சார்?"

"எனக்கப்புறமும் இருந்தா போதுங்க."

"அதுக்கு நீங்க சாவணுமே சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பனியில் தண்டவாளங்கள் மிதப்பதுபோல் இருந்தன. என் சாவு அப்போது ஒரு பகல்வேளையாகத் தெரிந்தது. நான் படுத்திருக்கிறேன், நரைத்த தலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பகல் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.